பேட்டன் ரூஜ், 1972: படம் நிதானமாகும் இடம்

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகள் பற்றி எந்த ஆவணப்படம் பார்க்கலாம்னு சிலர் கேட்டிருந்தீங்க. நான் சொல்றது ஸ்டான்லி நெல்சன் இயக்கிய 'டெல் தெம் வீ ஆர் ரைசிங்', 2017.

ஒன்றரை நூற்றாண்டுக் கதையை ஒன்றரை மணி நேரத்துக்குள்ள சொல்லணும். அதனால முதல் பாதியில் புக்கர் டி. வாஷிங்டன் ஒரு பக்கம், டு பாய்ஸ் மறுபக்கம். தொழிற்கல்வியா, உயர்கல்வியா? பட்டிமன்றம் மாதிரி ஓடுது. எனக்குக் கொஞ்சம் பாடப்புத்தக வாடை.

1972 வந்ததும் படம் நிதானமாகுது. லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் சதர்ன் பல்கலைக்கழகம். அதே ஊர்ல, வெள்ளையர்களுக்காக வளர்ந்த மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கிற பணம் தங்களுக்கு ஏன் இல்லைன்னு மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினாங்க. சொந்த நிர்வாகத்து மேலயும் கோபம்தான். கல்லூரித் தலைவரே பதவி விலகணும்னு கேட்டாங்க. இதை மறைக்காம காட்டினதுதான் எனக்குப் பிடிச்சது. பெருமை பேசும் படங்கள் இந்த உள்சண்டையைத் தொடாது.

நவம்பர் 16 காலை, போலீஸ் வளாகத்துக்குள்ள வந்தது. டென்வர் ஸ்மித், லெனார்ட் பிரவுன். ரெண்டு பேருக்கும் 20 வயசு. சுடப்பட்டு அங்கேயே இறந்தாங்க. அன்னிக்கு எடுத்த காட்சிகளையும், உடன் இருந்தவங்க வயசான முகங்களையும் படம் அடுத்தடுத்து வைக்குது. பின்னணிக் குரல் அதிகம் தேவைப்படலை.

சுட்டது யார்னு கடைசி வரை உறுதியாகலை. யாரும் தண்டிக்கப்படலை. லூசியானா ஆளுநர் அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது 2022-ல், சரியா 50 வருஷம் கழிச்சு.