மன்னார் முத்தும் ஒளியின் பிளவும்

முத்தின் ஒளியைப் பாடிய புலவர் பலர். அவ்வொளி எங்ஙனம் பிறக்கிறது என்று வினவியோர் மிகச் சிலர். 1669இல் டென்மார்க் அறிஞர் பார்த்தோலின், ஐஸ்லாந்துப் படிகத்தினூடே நோக்கிய பொருள் இரண்டாகத் தோன்றக் கண்டார். படிகத்துட் புகும் கதிர் இரண்டாய்ப் பிரிகிறது. ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரே தளத்தில் அதிர்கிறது. இதனையே முனைவாக்கம் என்கிறோம்.

மன்னார்ப் பார்களிலே சிப்பி சுரக்கும் முத்து, அப்படிகத்தின் உடன்பிறப்பு. அதே சுண்ணப் பொருள் அரகோனைற்று என்னும் வேறு படிக வடிவில், மில்லிமீற்றரில் ஏறக்குறைய 2,000இல் ஒரு பங்கு தடிப்புள்ள தகடுகளாய் அடுக்கப்படுகிறது. அதுவும் கதிரை இரண்டாக்கும். ஆயினும் முத்தின் வண்ணம் இப்பிளவால் வருவதன்று. அடுக்குகளிற் பட்டு மீளும் கதிர்கள் தம்முட் கலப்பதால் வருவது. 1954இல் சி. வி. இராமனும் கிருஷ்ணமூர்த்தியும் முத்தின் ஒளியியலை ஆராய்ந்தனர்.

அம்முத்தை எடுத்தவன் யார்? கல்லை மிதித்து, மூச்சடக்கி ஆழ்ந்த குளியாள். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் சிப்பிக் குவியல் மூன்றில் இரண்டு அரசுக்கு, ஒன்றே அவனுக்கு. மறு ஆண்டு ஆங்கில அரசு பார்களையே ஒரு கம்பெனிக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விட்டது. சிப்பி அருகியது, கம்பெனியும் வீழ்ந்தது.

கதிரின் பிளவை மாணவர்க்கு விளக்கும் நாம், அக்குவியலின் கணக்கையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.