ஆய்வேட்டிலிருந்து அன்னையின் கைக்கு

மருத்துவ வரலாற்றில் கண்டறிந்தவர்களையே நாம் போற்றுகிறோம். கண்டதைக் குடிசைவரை கொண்டு சேர்த்தவர்களை எண்ணுவதில்லை.

உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் கரைத்த நீரைப் பருகச் செய்தால், காலரா நோயாளிக்கு ஊசிவழித் திரவத்தின் தேவை பெரிதும் குறையும் என்பதை டாக்கா ஆய்வாளர்கள் 1968இல் மெய்ப்பித்தனர். ஆயினும் மருத்துவ உலகம் தயங்கியே நின்றது.

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்துப் போங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசிவழித் திரவமோ தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரையே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 வரை எட்டியிருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது.

பின்னர், 1980 முதல் 1990 வரை, பங்களாதேஷின் பிராக் நிறுவனத்துப் பெண் ஊழியர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகளின் படியேறினர். மூவிரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர் எனத் தாய்மாருக்குக் கற்பித்தனர். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருந்தாளோ, அதற்கேற்பவே ஊழியருக்கு ஊதியம்!

ஆய்வுச்சாலையின் கிராம் கணக்கு அடுக்களையின் கைக்கணக்கானபோதே அவ்வறிவு ஊரெங்கும் உயிர் காத்தது. கண்டறிந்தவருக்கு நாம் செலுத்தும் நன்றியில் பாதி, வீடு வீடாக நடந்த அப்பெண்களுக்கும் உரியதன்றோ?