அப்பா சிரித்த படம்

எங்கள் அப்பா சினிமாவுக்குப் போனதே அபூர்வம். கோரைப்பாய் வியாபாரம், கடை, வீடு, அவ்வளவுதான். அவர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போன ஒரே படம் 'காதலிக்க நேரமில்லை'. சென்னையில் 1964 பிப்ரவரி 27-ல் வந்த படம், நம்ம வந்தவாசிப் பக்கம் டூரிங் கொட்டகைக்கு வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நான் எட்டாம் வகுப்பு. தரை டிக்கெட்தான், ஆனால் கடையிலிருந்து புதுப் பாய் கொண்டுபோய் விரித்து உட்கார்ந்தோம்!

அப்பா வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. டைரக்டர் ஸ்ரீதருக்குச் சொந்த ஊர் மதுராந்தகம் பக்கத்துச் சித்தாமூர். "நம்ம பக்கத்துப் பிள்ளை எடுத்த படமாமே" என்றார் அப்பா.

அதுவரை ஸ்ரீதர் என்றால் அழுகை. 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' எல்லாம் கைக்குட்டை நனைந்த படங்கள். இதில் அவரும் செங்கல்பட்டுப் பள்ளித் தோழர் கோபுவும் சேர்ந்து முழுக்க முழுக்கச் சிரிப்பாகவே எழுதினார்கள். அந்தப் பொங்கலுக்குத்தான் சிவாஜியின் 'கர்ண'னும் எம்.ஜி.ஆரின் 'வேட்டைக்கார'னும் வந்திருந்தன. இதிலோ கதாநாயகன் ரவிச்சந்திரன் யாருக்கும் தெரியாத முகம். கோலாலம்பூரில் பிறந்து, திருச்சியில் படிக்க வந்த ராமன்தான் அவர். காஞ்சனா விமானப் பணிப்பெண்ணாக இருந்த வசுந்தரா தேவி. முத்துராமன், ராஜஸ்ரீ, சச்சு பழகிய முகங்கள். வின்சென்ட்டின் காமிராவில் ஆழியாறு அணைப் பக்கமெல்லாம் ஈஸ்ட்மென் கலரில் பளிச்சென்று இருந்தது. விஸ்வநாதன் ராமமூர்த்தி பாட்டுகளைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், உங்களுக்கே வாயில் வரும்.

கதை வாலிபர்களுடையது. எஸ்டேட் முதலாளியின் மகளைக் கட்ட, வேலை போன பையன் தன்னைப் பணக்கார வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறான். சிநேகிதனுக்குத் தாடி மீசை ஒட்டி அப்பாவாக்குகிறான். ஆனால் படத்தைத் தோளில் சுமந்தவர் அந்த முதலாளியாக வந்த டி.எஸ்.பாலையாதான் என்பது என் கட்சி. எம்.ஜி.ஆர் அறிமுகமான அதே 'சதி லீலாவதி'யில் (1936) வந்தவர், பல வருஷம் வில்லனாக மிரட்டியவர். ஐம்பதைத் தொடும் வயதில் பணத்தாசை பிடித்த தகப்பனாக வந்து கொட்டகையையே குலுக்கினார். பையன் பெரிய இடம் என்று தெரிந்ததும் அவன் பேரோடு 'ர்' சேர்த்து மரியாதை கொடுப்பாரே, அந்தக் குழைவு யாருக்கு வரும்?

அப்புறம் அந்தக் கதை சொல்லும் காட்சி. 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' செல்லப்பாவாக நாகேஷ் பேய்க்கதை சொல்கிறார். தாராபுரத்துக் குண்டுராவ், ரயில்வே வேலையை விட்டு வந்தவர், கதவுச் சத்தம் முதல் நாய் ஊளை வரை எல்லாம் அவரே. ஆனால் நன்றாகக் கவனியுங்கள், பயப்படுவது பாலையா. அந்த முகம் இல்லாவிட்டால் நாகேஷின் கதை பாதிதான். 1966-ல் ஸ்ரீதரே இந்தியில் 'பியார் கியே ஜா' என்று எடுத்தார். செல்லப்பா வேஷத்தில் மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. ஓம் பிரகாஷ் நல்ல நடிகர்தான், இருந்தாலும் நமக்குப் பாலையாதான்.

அந்தக் காட்சியில் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திரும்பி வரும் வழியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "பாவம்டா அந்தப் பெரியவர், எல்லாருமா சேர்ந்து ஏமாத்திட்டாங்க." எனக்கு அப்போது புரியவில்லை. நான் ரவிச்சந்திரன் கட்சி.

அக்காவை இரவு ஆட்டத்துக்குக் கூட்டிப்போகவில்லை. மறுநாள் நான்தான் நாகேஷ் மாதிரி நடித்து முழுக்கதையும் சொன்னேன். நாலைந்து வருஷம் கழித்து, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று அக்கா பயந்து பயந்து சொன்னாள். கொட்டகையில் சிரித்த அப்பா வீட்டில் சிரிக்கவில்லை. அடுத்த தையில் வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது. அத்தான் நல்ல மனுஷர், குறை சொல்ல முடியாது. அப்பாவும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை, அக்காவும் பேசவில்லை.

போன பொங்கலுக்கு அக்கா வந்திருந்தபோது டிவியில் இந்தப் படம் ஓடியது. பேய்க்கதைக் காட்சியில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நீ சொன்னப்பவே நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றாள். கடைசியில் பாலையா சம்மதிக்கும் இடம் வருவதற்குள், காபி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.