காய்ச்சலின் முதல் இரண்டு நாள்கள்: வடசென்னையில் பெருந்தொற்றுத் தடுப்பு

1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பல் வழியாகத்தான் 'ஆசிய ஃப்ளூ' இந்திய நிலப்பகுதிக்குள் நுழைந்தது. பன்னிரண்டு வாரங்களில் நாடெங்கும் பரவிவிட்டது. மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை பதிவானவர்கள் 44,51,785 பேர். இறந்தவர்கள் 1,098 பேர். வீட்டிலேயே கஞ்சி குடித்துத் தேறியவர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கில் ஏறியிருப்பார்கள்?

இதைப் படிப்பவர்களுக்குத் துறைமுக வாசலை இறுக்கினால் போதும் என்று தோன்றலாம். கப்பல் தலைவர் தரும் சுகாதார அறிவிப்பும் துறைமுகச் சுகாதார அலுவலரின் அனுமதியும் வேண்டியவையே. ஆனால் ஃப்ளூ தொற்றியவர், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். நாள்கணக்கில் கடலில் வந்த கப்பலையே 1957இல் தடுக்க முடியவில்லை. இன்று சிங்கப்பூர் விமானம் நாலு மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்குகிறது. வாசற்காவல் சில நாள் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவே.

அந்த அவகாசத்தை எங்கே செலவிடுவது? 2020 ஜூனில் சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களில் கொரோனா எண்ணிக்கையில் வடசென்னையின் ராயபுரம் முதலிடத்தில் நின்றது. கொரோனா வேறு, ஃப்ளூ வேறு; பரவிய தெரு ஒன்றுதான். ஒற்றை அறையில் ஐந்தாறு பேர், பொதுக் கழிப்பறை, விடியுமுன் தோளோடு தோள் உரசும் காசிமேட்டு மீன் ஏலம், எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் ஒரே கேபினில் உறங்கும் டிரைவரும் கிளீனரும். இங்கே 'தனித்திருங்கள்' என்ற அறிவுரை யாருக்குப் பயன்படும்?

நோயைத் தெருவுக்குக் கொண்டுவருவதில் கூலிக்குப் பெரும் பங்குண்டு என்பது என் வாதம். திருவொற்றியூர், மணலி ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு இருந்தாலும், அதற்கான 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு நோயின் முதல் இரண்டு நாள்களுக்குப் பணப்பலன் இல்லை என்று வகுத்தது. பொய்யாக விடுப்பு எடுப்பதைத் தடுக்க வைத்த விதியாகவே அதைக் காண்கிறேன். ஃப்ளூ மிகுதியாகப் பரவுவதும் அதே நாள்களில்தான். படுத்தால் கூலி போச்சு என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொறுப்பின்மை விதியில் இருக்கிறது, அவரிடம் இல்லை.

பெருந்தொற்று அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து காய்ச்சலுக்கு இந்த இரண்டு நாள் காத்திருப்பு தானாகவே நீங்கவேண்டும்; மருத்துவச் சான்றை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமே அன்றைக்கே தரவேண்டும். ஈஎஸ்ஐக்கு வெளியே நிற்கும் மீனவர், சுமை தூக்குவோர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோருக்கு நல வாரியங்கள் வழியாக அந்த இரண்டு நாள் கூலி போய்ச் சேரவேண்டும். 2020இல் வீடு வீடாகக் காய்ச்சல் கேட்டு வந்த களப்பணியாளர்களிடம் பலர் 'ஒண்ணுமில்லை' என்று சொன்னதற்கு வேலை போய்விடும் என்ற அச்சமும் ஒரு காரணம். கூலி உறுதியானால்தான் கதவைத் திறந்து உண்மையைச் சொல்வார்கள். முகாம் எங்கே போடுவது, மருந்து எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தே அமையும்.