பழுதுபார்த்ததால் பழமை இழந்தவை: சந்தக்ஃபூ மலையின் லேண்ட் ரோவர்கள்

மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர் மானேபஞ்சாங். பௌத்தர்களின் வழிபாட்டுக் கற்சுவரைக் குறிக்கும் 'மானே'யும், நேபாளி மொழியில் கணவாயைக் குறிக்கும் 'பஞ்சாங்'கும் சேர்ந்து அமைந்த பெயர் அது. இங்கிருந்து சிங்கலீலா மலைத்தொடரின் முகட்டை ஒட்டி ஒரு பாதை மேலேறுகிறது. சித்ரே, மேக்மா, டும்லிங், கைரிபாஸ், காளிபோக்ரி ஆகிய சிற்றூர்களைக் கடந்து 31 கிலோமீட்டரில் அது சந்தக்ஃபூவை அடைகிறது. 3,636 மீட்டர் உயரமுள்ள இம்முகடே மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம். வானம் தெளிந்த நாளில் கஞ்சன்ஜங்காவும் எவரெஸ்டும் ஒரே பார்வையில் தெரியும்.

பரவிக்கிடக்கும் உருண்டைக் கற்களையே தளமாகக் கொண்ட இப்பாதையில் அரிசி, மண்ணெண்ணெய், காய்கறி, நோயாளி, மலையேற்றப் பயணி என அனைத்தையும் பல பத்தாண்டுகளாக ஏற்றிச் சென்றவை, இங்கிலாந்தில் 1948 முதல் 1958 வரை உற்பத்தியான லேண்ட் ரோவர் முதல் வரிசை வண்டிகள். முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி, அதன்மேல் இழுத்துக் கட்டிய தார்ப்பாய் என அமைந்தவை. இன்று பிக்கப் என்று அழைக்கப்படும் வகையின் மூத்த உறவினர்கள். உலகின் பிற இடங்களில் இத்தகைய வண்டிகள் அருங்காட்சியகத்திலும் செல்வர் வீட்டுக் கொட்டகையிலும் நிற்கின்றன. மானேபஞ்சாங்கில் அவை வீட்டு முற்றத்தில் பழுதுபார்க்கப்பட்டு மறுநாள் காலை பாரமேற்றின. இது எவ்வாறு இயன்றது என்னும் கேள்விக்கு 'மலை மக்களின் கைத்திறன்' என்பதே வழக்கமான விடை. அது பொய்யன்று; ஆனால் பாதி விடை மட்டுமே. மறுபாதி அந்த வண்டி பிறந்த சூழலில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டன் வென்ற நாடாக இருந்தும் வறிய நாடாக இருந்தது. எஃகு பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டும் தொழிற்சாலைகளுக்கே முன்னுரிமை. சொகுசுக் கார்களுக்குப் பெயர்பெற்ற ரோவர் நிறுவனத்தில் அப்போது தலைமைப் பொறியாளராக இருந்தவர் மாரிஸ் வில்க்ஸ். வேல்ஸ் பகுதியின் ஆங்கிள்சித் தீவில் இருந்த தம் பண்ணைக்கு அவர் பயன்படுத்தியது, போரில் கழித்துவிடப்பட்ட அமெரிக்க வில்லிஸ் ஜீப். அது முற்றிலும் தேய்ந்துபோனால் அதன் இடத்தில் எதை வாங்குவது என்ற எண்ணத்திலிருந்தே புதிய வண்டியின் கருத்து உருவாயிற்று. 1947இல் உருவான முதல் மாதிரி ஒரு ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டப்பட்டது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி வெளியிடப்பட்டது.

எஃகு கிடைக்காததால் மேற்கூட்டுக்குப் பர்மாபிரைட் எனப்படும் அலுமினிய-மெக்னீசியக் கலப்புலோகம் தேர்வாயிற்று. வளைந்த தகடுகளை அச்சிட விலையுயர்ந்த அழுத்த அச்சுகள் தேவை. ரோவரோ இந்த வண்டியைச் சில ஆண்டுகளுக்கான இடைக்கால ஏற்பாடாகவே கருதியது. ஆகவே அத்தகைய அச்சுகளுக்குச் செலவிடாமல், கூடியவரை தட்டைத் தகடுகளும் எளிய மடிப்புகளுமே கொண்டு கூடு அமைக்கப்பட்டது. தகடுகள் மறையாணியாலும் தறையாணியாலும் இணைக்கப்பட்டன. அடிச்சட்டமும் அவ்வாறே: நான்கு எஃகுப் பட்டைகளைப் பெட்டிபோல் சேர்த்து, நான்கு விளிம்புகளிலும் பற்றவைத்தது. தொடக்ககால வண்டிகளின் பச்சை நிறம்கூட, போர் விமானங்களுக்கென வாங்கி எஞ்சிய வண்ணப்பூச்சு.

பெரிய அச்சுகள் இல்லாமல் கட்டப்பட்ட பொருளைப் பெரிய அச்சுகள் இல்லாமலே மீண்டும் கட்டலாம். சோலிஹல் தொழிற்சாலையின் வறுமை ஓர் இமயமலை முற்றத்தின் வசதியாக மாறியது இவ்வாறுதான்.

டார்ஜிலிங் மலைகளுக்கு இவ்வண்டிகள் வந்தது தேயிலைத் தோட்டங்களின் வழியே. விடுதலைக்குப் பின்னும் பிரிட்டிஷ் உரிமையாளர்களும் மேலாளர்களும் அங்கே பல ஆண்டுகள் நீடித்தனர். அவர்கள் வெளியேறியபோது வண்டிகள் உள்ளூர்க்காரர்களின் கைக்கு மாறின. இதற்கிடையே இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் தொடக்கத்திலேயே இந்தியாவின் ஸ்டெர்லிங் இருப்பு வேகமாகக் கரைந்தது. 1957 முதல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. மறு ஆண்டு ரோவர் நிறுவனம் முதல் வரிசையை நிறுத்தி இரண்டாம் வரிசைக்குச் சென்றது. வண்டி கைக்கு வந்தபோது அதற்கான உதிரிப்பாகங்களின் வழி அடைபட்டிருந்தது. புதிய உரிமையாளர் முன் இருந்தவை இரண்டே தெரிவுகள்: பழைய இரும்புக்காரரிடம் விற்பது, அல்லது எல்லாவற்றையும் தாமே செய்துகொள்வது.

அவ்வேலை எத்தகையது என்பதை விரித்துச் சொன்னால்தான் அதன் வரலாற்றுப் பொருள் விளங்கும். மேற்கூட்டின் அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பொதுவான எண்ணம். அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் ஈரமும் புகுந்தால், அந்த இணைப்பு ஒரு சிறு மின்கலம்போல் செயல்படும். அலுமினியம் வெண்பொடியாக உதிரும். ஆண்டில் பல மாதங்கள் மூடுபனியில் தோய்ந்திருக்கும் சிங்கலீலாவில், எஃகு மறையாணியைச் சுற்றி முதலில் தோன்றும் நோய் அதுவே. அடிச்சட்டத்தின் நோய் வேறு. பெட்டியின் உட்புறம் சேறு தங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே வண்ணம் பளபளக்க, சுத்தியால் தட்டினால் மட்டுமே பொத்தல் தெரியும். பழுதுபார்ப்பவர் அழுகிய பகுதியை வெட்டியெடுத்து, தட்டை எஃகை அளவுக்கு நறுக்கிப் பற்றவைப்பார். அடிச்சட்டம் பிறந்ததே தட்டை எஃகைப் பற்றவைத்து என்பதால், தொழிற்சாலை செய்ததையே முற்றம் சிறிய அளவில் மறுபடி செய்கிறது.

பாறையில் இடித்து நெளிந்த அலுமினியத் தகட்டை அப்படியே தட்டினால் அது மேலும் இறுகி விரிசல் விடும். முதலில் இளக்க வேண்டும். அலுமினியம் பழுக்கக் காய்ந்து சிவக்கும் உலோகமன்று; நிறம் மாறாமலே திடீரென உருகி ஒழுகிவிடும். ஆகவே தகட்டு வேலைக்காரர்களிடையே ஒரு பழைய வழி உண்டு: தகட்டின்மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துத் தீக்காட்டுவது. சவர்க்காரத் தடம் கருத்தவுடன் தீயை விலக்கினால் தகடு இளகியிருக்கும். அதன்பின் மரச்சுத்தியாலும் மணல் மூட்டையாலும் வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரலாம். வெப்பமானிக்குப் பதில் ஒரு கட்டிச் சோப்பு. தளர்ந்துபோன பட்டை வில்லைக் கொல்லுலையில் காய்ச்சி மீண்டும் வளைவேற்றுவதோ இந்தியா முழுதும் லாரிப் பட்டறைகளின் அன்றாட வேலை. அதற்கு எந்தக் கையேடும் தேவைப்படவில்லை.

பொறியே தீராத சிக்கலாக இருந்தது. முதல் வரிசையின் 1.6 லிட்டர், 2 லிட்டர் பெட்ரோல் பொறிகளில் உள்ளிழுக்கும் வால்வு மேலேயும் வெளியேற்றும் வால்வு பக்கவாட்டிலும் இருக்கும்.  அப்பொறிகளின் பாகங்களை வேறு வண்டிகளிலிருந்து கழற்றிப் பொருத்துவது எளிதன்று. சந்தக்ஃபூவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவே. பொறியின் வலிமையும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். ஈரப்பனியில் நனைந்து அணைந்துபோகும் தீப்பொறி அமைப்பு இன்னொரு தொல்லை. ஆகவே உரிமையாளர்கள் பலர் மூலப் பொறியை இறக்கிவிட்டு, மகிந்திரா ஜீப்பின் டீசல் பொறியை ஏற்றினர். டீசலுக்குத் தீப்பொறியே வேண்டாம். உதிரிப்பாகம் சிலிகுரிச் சந்தையில் கிடைக்கும்.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இம்மாற்றம் உண்மையில் நுட்பமானது. ஒரு நாட்டின் பொறியும் இன்னொரு நாட்டின் பற்சக்கரப் பெட்டியும் ஒரே அச்சில் சுழல, இரண்டுக்கும் இடையே ஓர் இணைப்புத் தகடு துல்லியமாகக் கடைந்தெடுக்கப்பட வேண்டும்; மயிரிழை பிசகினாலும் தண்டு அதிர்ந்து தேயும். பொறி தாங்கிகளை இடம்மாற்றிப் பற்றவைக்க வேண்டும். ரோவரின் மின்சுற்றில் மின்கலத்தின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். பிற்காலக் கருவிகளுக்கோ எதிர்முனை இணைய வேண்டும். கம்பிச்சுற்று முழுவதையும் அதற்கேற்பத் திருத்தியாக வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் பெட்டியையும், செங்குத்து ஏற்றத்துக்கான தாழ் பல்லிணைப்பையும் மட்டும் ரோவர் வடித்தபடியே விட்டுவைத்தனர். அவற்றுக்கு நிகரானது அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதோடு, மாற்ற வேண்டிய தேவையும் எழவில்லை.

மகிந்திரா நிறுவனம் 1940களின் பிற்பகுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டித் தருவதில் தொடங்கி வளர்ந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். ஜீப்பின் அடிச்சட்டத்தில் தொடங்கிய லேண்ட் ரோவரின் கதை, மானேபஞ்சாங்கில் ஜீப்பின் பொறிக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

இங்கிலாந்தில் இதே வண்டிக்கு வாய்த்த வாழ்வு முற்றிலும் வேறு. உற்பத்தி வரிசையின் முதல் வண்டியான 860001 எண்ணுடையது, நார்தம்பர்லாந்து வயல்வெளியில் பல பத்தாண்டுகள் மழையில் கிடந்தது. பின்னர் மூலத் தகடுகளையும் அவற்றின் நெளிவுகளையும் இயன்றவரை காத்துச் சீரமைக்கப்பட்டது. 2016இல் நிறுவனமே 25 முதல் வரிசை வண்டிகளைத் தொழிற்சாலையில் புதிதெனப் புதுப்பித்து விற்கும் திட்டத்தை அறிவித்தது. இரண்டிலும் அளவுகோல் ஒன்றே: முதல் நாள் எப்படி இருந்ததோ அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது. அது ஒரு நேர்மையான அளவுகோல்தான். ஆனால் அந்த வண்டிகள் எவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கோயில் மரபில் ஜீர்ணோத்தாரணம் என்றொரு கருத்து உண்டு. சிதைந்ததை மாற்றியமைப்பது அங்கே கோயிலின் பழமையைக் குறைப்பதில்லை. வழிபாடு தொடர்வதே பழமை. மானேபஞ்சாங்கின் வண்டிகள் இந்த இரண்டாம் அளவுகோலுக்கு உரியவை.

2018இல், லேண்ட் ரோவரின் எழுபதாம் ஆண்டையொட்டி, நிறுவனம் மானேபஞ்சாங்குக்குப் படப்பிடிப்புக் குழுவை அனுப்பியது. அங்கே ஓடும் 42 வண்டிகளை உலகுக்கு அறிமுகம் செய்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே அந்நிறுவனம் டாட்டா மோட்டார்ஸின் உடைமையாகிவிட்டது. ஓர் இந்திய உரிமையாளர் நிறுவனம் தன் பிரிட்டிஷ் மரபுக்குச் சான்று தேடி ஓர் இந்திய மலையூருக்கு வந்த காட்சி, பின்காலனிய வரலாற்று மாணவர் எவரும் கவனிக்கத் தக்கது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2021 ஜூலையில், நடுவணரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழம்பெரும் வாகனம் என்றால் என்ன என்பதை முதன்முறையாக வரையறுத்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் இதற்குத் தகுதி பெறும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். தனி எண் வரிசையும் உண்டு. உடன் இரு நிபந்தனைகள்: வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும், அடிச்சட்டத்திலோ கூட்டிலோ பொறியிலோ கணிசமான மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது, வணிக நோக்கிலோ அன்றாடப் பயன்பாட்டுக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பழங்கார் அணிவகுப்புக்கும் அவற்றை ஒட்டிய தேவைகளுக்கும் மட்டுமே இசைவு.

பழங்கார் சேகரிப்பாளர்கள் இவ்விதியை வரவேற்றனர். அவர்கள் நோக்கில் அது நியாயமே. ஆனால் பொறி மாற்றிய மானேபஞ்சாங் வண்டியை இவ்வரையறைக்குள் வைத்துப் பார்த்தால், 50 ஆண்டு என்னும் நிபந்தனையை எளிதில் கடந்துவிட்டு மற்ற இரண்டிலும் அது தோற்கிறது. பாரம் ஏற்றுவதால் அது பழம்பொருளாகாது. ஒட்டுப்போட்ட சட்டத்தோடும் மாற்றுப் பொறியோடும் உயிர்த்திருப்பதால் மூலப் பொருளாகாது. கொட்டகையில் பூட்டி வைத்தவரின் வண்டிக்குச் சட்டத்தில் மதிப்புமிக்க ஓர் இடமும், ஓட்டிப் பிழைத்தவரின் வண்டிக்கு வயது முதிர்ந்த வணிக ஊர்தி என்னும் இடமும் அமைந்துவிட்டன. பின்னதற்குத் தகுதிச் சான்றுத் தேர்வுதான் காத்திருக்கிறது, பாராட்டன்று.

பாதையும் மாறி வருகிறது. கற்கள் பரவிய தடத்தில் நீண்ட பகுதிகள் இப்போது கான்கிரீட் தளமாகிவிட்டன. பொலேரோ வண்டிகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு மேலே செல்கின்றன. கற்பாதையில் மட்டுமே லேண்ட் ரோவருக்கு இருந்த தனியுரிமை பகுதி பகுதியாகக் கரைகிறது. மலையில் வாழ்வோருக்கு நல்ல சாலை தேவை என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி குலுங்காமல் செல்வதை எந்தப் பழம்பொருள் ஆர்வலரும் எதிர்க்க முடியாது. எஞ்சியுள்ள லேண்ட் ரோவர்களில் ஏறுவோரில் பலர் அந்த வண்டியில் ஏற வேண்டும் என்பதற்காகவே வரும் சுற்றுலாப் பயணிகள். அவர்களுக்காகச் சில உரிமையாளர்கள் முகப்பையும் வண்ணத்தையும் பழைய தோற்றத்துக்குத் திருத்துகின்றனர். முகப்பு மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது டீசல் பொறி. தாழ் பல்லிணைப்புக்கான குமிழ் மட்டும் ரோவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது.