யார் பெயரில் அந்தக் கைப்பேசி?

கைப்பேசி வழிக் கல்வியின் வரலாற்றைப் பெரும்பாலும் கருவியிலிருந்து தொடங்குவார்கள். எந்த ஆண்டில் எந்த போன் வந்தது, எந்தச் செயலி வந்தது என்று கணக்கு போகும். தமிழ்நாட்டுப் பெண்களின் அனுபவத்திலிருந்து எழுதும்போது கேள்வி வேறாகிறது: அந்தக் கருவி யாருடையது?

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். ஊர்விட்டு ஊர் போக அப்பாவையோ அண்ணனையோ கணவரையோ எதிர்பார்த்து நிற்கும் பெண்ணிடம் எழுத்தறிவு மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது என்று கருதப்பட்டது. எனவே சைக்கிள் ஓட்டக் கற்பதும் இயக்கத்தின் வேலையானது. பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகள் வலியுறுத்தப்பட்டன. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். இவர்கள் ஓட்டிக்கொண்டே போனார்கள்.

ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் கழித்துத் தேனி மாவட்டத்தில் சைக்கிளின் இடத்தில் செல்போன் வந்தது. அங்கே ‘விடியல்’ என்ற அமைப்பைச் சேர்ந்த சுயஉதவிக் குழுப் பெண்கள் சுமார் 300 பேர் ஆடு வளர்க்க வங்கிக் கடன் வாங்கினார்கள். காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் நிறுவனத்தின் ‘உழவர்களுக்கான வாழ்நாள் கல்வி’த் திட்டம் இதற்குத் துணை நின்றது. கடன் கணக்கில் ஆடுகளோடு ஒரு செல்போனும் சேர்க்கப்பட்டிருந்தது. ஆட்டைப் போலவே போனும் தொழிலுக்கான முதலீடு என்பது அந்தப் பெண்களின் வாதம்.

பாடம் குரலாக வந்தது. நல்ல ஆட்டைப் பார்த்து வாங்குவது, தீவனம், குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கடன் கணக்கு எனச் சிறுசிறு தமிழ்ச் செய்திகள். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்பட்ட பெண்ணுக்கும் அது தடையாகவில்லை. ஆடு மேய்க்கும் வேலையை விட்டுவிட்டு ஒரு கூடத்தில் போய் உட்கார வேண்டியதும் இல்லை. மேய்ச்சல் நேரமே வகுப்பு நேரமானது. கேட்டதைப் பெண்கள் தங்களுக்குள் பேசிப் பார்த்தார்கள்.

இதை முழு வெற்றியாகக் கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. கடன் பத்திரத்தில் பெயர் இருப்பதால் மட்டும் வீட்டு அதிகாரம் மாறிவிடாது. கற்கும் உரிமையைப் பெண் ஏன் கடன்பட்டுப் பெற வேண்டும் என்ற கேள்வியும் நிற்கிறது. ஆனாலும் தவணை கட்டுகிறவள் அவள் என்பதால், “என் போன்” என்று சொல்ல அவளுக்கு ஓர் ஆதாரம் இருந்தது.

2020இல் இந்த ஆதாரம் இல்லாமல் போனதன் விலையைப் பார்த்தோம். மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளிக்குத் திரும்பினார்கள். இடையில் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும் வகுப்பறையாயின. இந்தியக் கிராமங்களில் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் 61.8 விழுக்காட்டில் ஸ்மார்ட்போன் இருந்ததாக 2020ஆம் ஆண்டின் ‘அசர்’ அறிக்கை சொன்னது. அது வீட்டுக் கணக்கு. கையின் கணக்கு வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் நாட்டில் சுமார் 54 விழுக்காடுதான்.

அப்பா வேலைக்குக் கிளம்பினால் போனும் கிளம்பிவிடும். மாலையில் திரும்பி வந்தால் முதலில் அண்ணன் கைக்குப் போகும். தங்கையின் முறை வரும்போது சார்ஜ் தீர்ந்திருக்கும், அல்லது அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டிருப்பார். தேனியில் பாடம் பெண்ணின் வேலை நேரத்தை அறிந்து வந்தது. 2020இல் வந்த பாடத்துக்கு அந்தப் பிள்ளையின் நாள் எப்படிக் கழிகிறது என்றே தெரியாது.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கருவி மாணவியின் கையிலேயே கொடுக்கப்பட்டது. கடனில்லாமலும் அவள் பெயரில் தர முடியும் என்பதற்கு அது சான்று. இனி ஒரு பள்ளியோ துறையோ கைப்பேசி வழியே கற்பிக்கத் திட்டமிட்டால், வீட்டில் போன் இருக்கிறதா என்பதோடு நிறுத்தக் கூடாது. அது யார் பெயரில் இருக்கிறது, எந்த நேரத்தில் அவள் கைக்கு வருகிறது என்றும் கேட்க வேண்டும். புதுக்கோட்டையிலும் தேனியிலும் இதைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார்கள்.