கார் ஸ்டீரியோவும் காலியான பேட்டரியும்: ஒரு சின்ன வரலாறு

புதுக் கார் வாங்கியாச்சு. ஸ்டீரியோவும் மாட்டியாச்சு. மூன்றாம் நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி காலி! சின்னக் கார் வாங்கி வெளியே செட் மாட்டிய பலருக்கும் தெரிந்த கதை இது. பழி செட்டின் மேல் விழும். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி செட் அல்ல, அதற்குப் போகும் வயர்.

இந்தத் தகராறு காருக்குள் ரேடியோ நுழைந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1930-ல் அமெரிக்காவின் சிகாகோவில் பால் கால்வினின் நிறுவனம் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவைக் கொண்டுவந்தது. அன்றைய தலைவலி இரைச்சல். ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்கும்போதெல்லாம் அதுவே ஒரு குட்டி வானொலி நிலையம் போல அலை பரப்பும். ஸ்பீக்கரில் படபடவென்று கேட்கும். பிளக்கில் ரெசிஸ்டரும், டைனமோவில் கண்டென்சரும் போட்டு அதை அடக்கினார்கள். ரேடியோ நன்றாக இருந்தால் மட்டும் போதாது, காரின் மின்சாரமும் ஒத்துழைக்க வேண்டும் என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது.

அதே பாடம் நம் பக்கம் வந்த கதையைப் பார்ப்போம். 1996-ல் ஹூண்டாயின் இந்திய நிறுவனம் தொடங்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வந்தது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ அறிமுகமானது. அந்தக் காலத்துச் சின்னக் கார்களின் பேஸ் மாடலில் பொதுவாக ஸ்டீரியோ இருக்காது. டாப் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுப்பதை விட, வெளியே மாட்டினால் லாபம் என்பது வாங்குபவரின் கணக்கு. பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்து ஆலையில் பிறந்த கார், சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளுக்கோ பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியனிடமோ போய்ச் சேரும். வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றினால் பாட்டு ரெடி!

பிரச்சினைகள் அங்கேதான் ஆரம்பம். முக்கியமானவை மூன்று.

முதலாவது, பேட்டரி இறங்குவது. செட்டின் மஞ்சள் வயர் நினைவுக்காக எப்போதும் 12 வோல்ட் பெறுவது. சிவப்பு, சாவி போட்டால் மட்டும். இரண்டையும் சேர்த்து நேராக பேட்டரி லைனில் கொடுத்துவிட்டால் செட் தூங்கவே தூங்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் நிறுத்திய கார் 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் சுமார் 29 நாள் தாங்கும். 1 ஆம்பியர் இழுத்தால் ஒன்றரை நாள்தான்! பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் திருடன் பிடிபடுவான். ஒவ்வொரு ஃப்யூஸாக எடுக்கும்போது எதில் ரீடிங் விழுகிறதோ, அந்த லைன்தான்.

இரண்டாவது, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் கீச்சுச் சத்தம். இது ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் சரியில்லை என்று அர்த்தம். பெயின்ட்டைச் சுரண்டி, பாடியின் வெறும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பவர் கேபிளும் சிக்னல் வயரும் ஒரே பக்கமாகப் போகக் கூடாது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. 10 ஆம்பியர் ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்தால் 30 போடுவது, இல்லாவிட்டால் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றுவது. ஃப்யூஸ் எரியாவிட்டால் அதற்குப் பதில் வயர் எரியும். சில ரூபாய் ஃப்யூஸை மிச்சம் பிடித்து, சில லட்ச ரூபாய் காரைப் பணயம் வைக்கிற வேலை.

இதற்கான மாற்று வழியும் உருவாகிக்கொண்டுதான் இருந்தது. செட்டின் பின்பக்க இணைப்புகளுக்கு 1995-ல் ஐ.எஸ்.ஓ. 10487 என்ற தரம் வந்தது. வயரை வெட்டாமல் கப்ளரோடு கப்ளர் மாட்டும் முறை பரவியது. 1986-ல் பாஷ் வெளியிட்ட 'கேன்' முறையில் காரின் கருவிகள் ஒரே ஜோடி வயரில் பேசிக்கொள்ளத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. அங்கே தயாரான க்விட், 2015-ல் 2.57 லட்ச ரூபாய் தொடக்க விலையில் வந்தது. அதன் டாப் மாடலில் 7 அங்குலத் தொடுதிரை! ஒரு காலத்தில் கடைக்காரர் செய்த வேலை ஆலைக்குள்ளேயே போய்விட்டது.

ஆனாலும் பேஸ் மாடல் வாங்கி வெளியே செட் மாட்டும் கணக்கு இன்னும் போகவில்லை. இப்போது வெட்டப்படும் வயர் பழைய காலத்து வயர் அல்ல என்பதுதான் வித்தியாசம். தவறான இடத்தில் கை வைத்தால் டாஷ்போர்டு எச்சரிக்கை விளக்குகள் எரியும். அதனால் வந்த கோளாறுக்கு வாரண்டியும் மறுக்கப்படலாம். ஆக, செட்டின் விலையோடு சரியான கப்ளர், சரியான ஃப்யூஸ், நல்ல எர்த், வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனின் கூலி, இந்த நாலையும் சேர்த்துப் போட்டால்தான் அது முழுக் கணக்கு.